பிழை: எட்டு மில்லிமீட்டர்

மண்டபத்தில், ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடி.
வாடகை நாலாயிரம், உப்புக்காற்று இலவசம்.
என் கம்ப்யூட்டருக்குள் ஓர் ஈரல் கிடக்கிறது.
நாற்பத்தோராயிரம் நான்முகிகளாய் நறுக்கி
மறுபடி ஒட்டவைத்த ஈரல்.
ரத்தமில்லை, வாடையில்லை.
பூச்சிகள் மொய்ப்பது திரை வெளிச்சத்தை மட்டும்.

ஊசியை இறக்குகிறேன்.
உடனே குத்திவிடாது.
நெடுநாள் எனக்குப் பிடிபடாதது அதுதான்.
முதலில் சதை குழியும்,
வேண்டாமென்று சொல்லாமல் பின்வாங்கும்,
பின்வாங்க இடமில்லாத ஒரு கணத்தில்
பட்டென்று விட்டுக்கொடுக்கும்.
வரைபடத்தில் விசை செங்குத்தாய் விழும் அந்த இடத்துக்கு
ஆய்வுக் கட்டுரைகளில் கௌரவமான பேர் உண்டு.
என் நோட்டில் 'ஐயோ' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

அதன்பின் உராய்வு.
உருவும்போது ஊசியோடு சதையும் கொஞ்சம் எழுந்து வரும்,
வழியனுப்ப வாசல்வரை வருவதுபோல.
முனையைச் சாய்வாய்ச் சீவியிருப்பதால்
ஊசியும் நேரே போவதில்லை;
கச்சானில் விட்ட வத்தை மாதிரி
குறித்த இடத்துக்குச் சற்றுத் தள்ளியே சேரும்.

சரிபார்க்க அகர் அகர் காய்ச்சினேன்.
லிட்டருக்குப் பன்னிரண்டு கிராம்,
டிபன் பாக்ஸில் ஊற்றி ஆறவைத்தேன்.
"கடல்பாசியா? நோம்பு முடிஞ்சு மூணு மாசமாச்சே"
என்றார் கீழ்வீட்டு ஐஸ்காரர் செபஸ்தியான்.
குத்திப் பார்க்கத்தான் என்றேன்.
ஒரு மாதிரியாய்ப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

டப்பாவுக்குள் பிழை அரை மில்லிமீட்டர்.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், ஆளுக்குள், எட்டு.

"உங்க ஈரல் மூச்சு விடாது" என்றார்
டாக்டர் சகுபர் நிஷா.
ஸ்கேனில் காட்டினார்:
நிஜ ஈரல் ஒவ்வொரு மூச்சுக்கும்
ஒரு விரற்கடை இறங்கி ஏறியது.
நான் அதற்கொரு சைன் அலை போட்டேன்.
யாரும் சைன் அலையாய் மூச்சு விடுவதில்லை.
பயந்தவர்களுக்குக் குட்டை மூச்சு,
பீடிக்காரர்களுக்கு நடுவில் இருமல்.
"மூச்சைப் பிடிங்க" என்றால் நாலே நொடியில்
மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

வியாழக்கிழமை இருளாயி வந்தாள்.
சின்னப்பாலம்.
சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை,
பத்து விரலிலும் பாறை கிழித்த தடம்,
ஈரலில் நெல்லிக்காயளவு ஏதோ ஒன்று.

"மூச்சைப் பிடிம்மா."
பிடித்தாள்.
பத்து நொடி. திரையில் அவள் ஈரல்
என் ஈரலைப்போலவே கிடந்தது.
இருபது. ஊசி குழித்தது, 'ஐயோ'வைத் தாண்டியது,
நெல்லிக்காயின் நடுவில் போய் நின்றது.
நாற்பது. உருவியாயிற்று, பஞ்சு வைத்தாயிற்று.
ஐம்பத்தைந்தில் நர்ஸுக்குத்தான் பதற்றம்:
"விடும்மா, விடு!"

சாவகாசமாய் விட்டாள்.
மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்கினால்
பாறையில் பிய்க்கிற நேரத்தில் இது பாதிதானாம்.
பிறகு என் டிபன் பாக்ஸைப் பார்த்தாள்.
"இது எதுக்கு?"
சொன்னேன்.
"நாங்க எடுக்குற பாசியவா குத்திப் பழகுறீக?
கிலோ என்னா வெல குடுத்தீக?"
கடை விலையைச் சொன்னேன்.
அவள் மூச்சு தடுமாறியது அப்போது மட்டும்தான்.

முடிவு வரப் பதினைந்து நாளாகும்.

ராத்திரி, கரண்ட் போய் வந்த பிறகு
பிழைக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறேன்.
சராசரியில் அவளைச் சேர்த்தால் கணக்கு கெடும்,
சேர்க்காவிட்டால் பொய்.
கீழே ஐஸ் அரைபடுகிற சத்தம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு
நானும் பிடித்துப் பார்த்தேன்.

இருபத்தேழு.