கேத்தலுக்கும் ஒரு வயர்

உப்புவெளியில் புதிய பத்திக் அறை.
மெழுகு உருக்க மூன்று ஹீற்றர்,
மாரிக்குத் துணி காய இன்னொன்று,
அயன்பெட்டி இரண்டு;
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"ஒரு கேத்தலும்" என்றார் சுஹைரா.

பழைய அறையில் எல்லாம் ஒரே வயர்.
கேத்தல் போடுமுன் ஒருத்தி கத்தவேண்டும்:
"தேத்தண்ணி!"
மூன்று பேர் எழுந்து மூன்று சுவிட்சை அணைப்பார்கள்.
மெழுகு ஆடை கட்டும்.
கத்த மறந்த நாளில் இருட்டு,
வால் வரையாத மீன்.

சுவரில் சோக்கால் கணக்குப் போடுகிறேன்.
ஒன்றுக்கு இரண்டாயிரம் வாட்ஸ்,
இருநூற்று முப்பதால் பிரித்தால்
எட்டே முக்கால் அம்பியருக்குக் கிட்ட.
இரண்டைக் கோர்த்தால்
பதினாறு அம்பியர் பிறேக்கர் விழும்.
ஆகவே ஹீற்றருக்கு ஒவ்வொன்று,
அயனுக்கு வேறு.
பிளக் பொயின்ற் எல்லாம் நெஞ்சளவு உயரத்தில்:
சாயத் தண்ணீர் எதுவரை தெறிக்கும் என்று
பழைய சுவர் காட்டியிருந்தது.

"இவ்வளவு வயரா? செம்பு விக்கிற விலை தெரியுமா தம்பி?"
தெரியும்.
ஒன்றைக் குறைக்கலாம்.
விரல் கேத்தல் கோட்டில் போய் நின்றது.
சோக் தூசியைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

வேலை வெளியில்தான் மல்லுக்கட்டியது.
எர்த் கம்பி காய்ந்த மணலில்
ஊசிபோல இறங்கிற்று,
மீற்றர் சம்மதிக்கவில்லை.
இன்னும் நாலடி.
யோகதாஸ் சம்மட்டி, நான் பிடி.
கடல் ஊறிய மண்ணைத் தொட்ட பிறகே
முள் கீழே வந்தது.

முதல் நாள். எல்லாம் ஓடுகிறது.
பின்னாலிருந்து ஒரு குரல்:
"தேத்தண்ணி!"
மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள்.
மெழுகு தன்பாட்டில் உருகிக்கொண்டிருந்தது.