திங்கள்கிழமைக் கையெழுத்து

பத்து மணிக்கு வருவான் களஞ்சியம்.
செருப்பை வாசலிலேயே கழற்றுவான்,
வேண்டாமென்று எத்தனை தடவை சொல்லியும்.

மண்டபம் ஸ்டேஷனில் எழுத்தராக
எனக்கு இது ஏழாவது வருஷம்.
எந்த அதிகாரியும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை:
கணவாய் நல்ல விலைக்குப் போகும் மாதம்
என் பதிவேடு இளைத்துக் கிடக்கும்.
விலை பாதியானால்
டீசல் கேன், வலை ஈயம், மோட்டார் பம்பு,
ஒரு தடவை சத்துணவுக்கூடத்து அரிசி.

மதுரையிலிருந்து அவனை விட்டது ஏப்ரல் பதினாறு.
தடைக்காலம் தொடங்கி மறுநாள்.
ஆறு வருஷம் உள்ளே தறி ஓட்டிய கூலி,
பிடித்தம் போக, பதினோராயிரத்துச் சொச்சம்.
ஒன்பதாயிரம் சடையாயி குழுவுக்குக் கட்டவேண்டிய பாக்கி.
விசைப்படகெல்லாம் முளையடித்த மாடாக நிற்க,
ஐஸ் கம்பெனியில் பூட்டு.
நாட்டுப்படகில் மச்சானுக்கே இடமில்லை.

வாலிநோக்கம் உப்பளத்தில் ஒன்பது நாள் வாரினான்.
இங்கே கையெழுத்துப் போட வந்துபோனால்
அன்றைய கூலி போச்சு, பஸ் காசு தனி.
பத்தாம் நாள் யாரோ சொல்லிவிட்டார்கள்.
மேஸ்திரி பணத்தைக் கையில் தரவில்லையாம்,
வரப்பில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப்
போனாராம்.
காற்றுக்குப் பறக்கக் கூடாதே என்று.
அதைச் சொல்லும்போது சிரித்தான்.

மே மாதம் ஒரு திங்கள், பேனாவை மூடாமலே:
“சார், நேத்து ஒருத்தன் கேட்டான்.
ஒரு ராத்திரி. மூட்டைய போட்டுல ஏத்தணும், அம்புட்டுத்தான்.
எட்டாயிரம்.”
“நீ என்ன சொன்ன?”
“யோசிச்சுச் சொல்றேன்னேன்.”

வேண்டாம்டா என்று சொல்ல வாயெடுத்தேன்.
கடல் திறந்தாலும் மூடினாலும்
மாசக் கடைசியில் சம்பளம் வாங்குகிற வாய்.
டீ சொன்னேன். குடித்துவிட்டுப் போனான்.

பள்ளிக்கூடம் திறக்கிற வாரம்
அரை மணி பிந்தி வந்தான்.
தோளில் ரோஸ் கலரில் புத்தகப் பை, புதுசு.
விலைச்சீட்டு கிழிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது:
அறுநூற்று நாற்பது.
கடல் திறக்க இன்னும் ஆறு நாள் இருந்தது.

கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் தந்தான்.
சோப்பு வாசம்.
அவன் நகக்கண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்,
விரலி மஞ்சள் ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது.

நான் குனிந்து தேதி போட்டேன்.
“அடுத்த வாரம் செருப்போடயே வா” என்றேன்.