வடக்கு வேலி

அறிக்கை ஒரேயொரு தாள்.
நூறு மில்லிலீற்றரில் கோலிபோம் நாற்பத்தெட்டு,
ஈ.கோலை பன்னிரண்டு,
கீழே நீல மையில்: குடிக்க உகந்ததல்ல.
கண்ணாடிக் குவளையில் அள்ளி
யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பளிங்கு.
கொக்குவிலில் இப்படித் தண்ணி இல்லையென்று
மாமா சாகும்வரை சொன்ன அதே பளிங்கு.

மூன்று கிழமையாய் நிதுசிகாவின் வயிறு சொன்னதை
நாங்கள்தான் கேட்கவில்லை,
சந்திக் கொத்துரொட்டிக் கடையில்
பழியைப் போட்டுவிட்டிருந்தோம்.

"வடக்கு வேலிப் பக்கம் பாருங்கோ" என்றார் இவர்
சுகாதாரப் பரிசோதகரிடம்.
வேலிக்கு அப்பால் செல்வமலர் வீடு.
இரண்டு ஆடு, தகரம் வேய்ந்த ஒரு கக்கூஸ்.
எங்கள் வீட்டில் எது பிழைத்தாலும்
முதலில் வடக்கே பார்ப்பது வழக்கம்.

பரிசோதகர் நாடாவை விரித்தார்.
அவர்களுடைய குழி எழுபத்தாறு அடி.
பிறகு யாரும் கேட்காமலே
எதிர்த்திசையில் நடந்தார்.
போன வருசம் கட்டிய அறையோடு சேர்ந்த குளியலறை,
சுவர் முழுக்க மாபிள்,
அதன் குழி செவ்வரத்தைகளுக்கு அடியில்.
நாடா இருபத்திரண்டில் நின்றது.
இவர் குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினார்.

"கல் நிலம்தானே ஐயா, இறங்குமே?"
"கல்தான். சுண்ணக்கல். உள்ளுக்க முழுக்க ஓட்டை.
மாரிக்குக் குழி நிரம்பினா ஒரு இரவு போதும்."

செல்வமலர் கிணற்றிலும்
ஒரு போத்தல் எடுத்துப் போனார்.
பூச்சியம்.

எங்கள் உறுதியில் எழுதியிருக்கிறது,
கிணறும் வாய்க்காலும் வழிபாதையும் சர்வ உரித்தும்.
எழுதாமல் விட்டது,
செல்வமலரின் தாய் படலைக்கு வெளியே
குடத்தோடு நின்றது,
யாராவது மனம்வைத்து வரும்வரை
அவள் நிழல் காலடியிலிருந்து வேலிவரை நீண்டது.
நான் கலியாணம் முடித்து வந்த புதிசு.
நானும் ஊற்றியிருக்கிறேன்,
குடத்தின் விளிம்பில் வாளி படாமல்,
உயரத்திலிருந்து.
கை நடுங்கவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அவர்கள் தாங்களே வெட்டினார்கள்.
வெடிமருந்து கிடைக்காத காலம்.
உளியும் கூடமுமாய் ஒன்றரை வருசம்.
மதியத் தூக்கம் கெடுகிறதென்று
கிராமசேவகரிடம் போனார் இவர்.

*

கிணற்றின் விட்டம், தண்ணியின் ஆழம்.
பரிசோதகர் சிகரெட் பெட்டி அட்டையில் பெருக்கினார்.
ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாய் குளோரின் தூள்.
கரைத்து, மண்டியை அடியில் விட்டு,
தெளிந்ததை மட்டும் சுற்றிவர ஊற்றினோம்.
மோட்டரைப் போட்டு
எல்லாக் குழாயையும் திறந்தோம்.
வீடு முழுக்க ஆஸ்பத்திரி மணம்.
ஓர் இரவு தொடக்கூடாது.
பிறகு இறைத்துக் கொட்ட வேண்டும்,
மணம் போகும்வரை.
"குழியை மாத்தாட்டி இது வெறும் சடங்கு"
போகும்போது பரிசோதகர் சொன்னார்.

இரவு எட்டு மணிக்கு
பிள்ளைக்கு மாத்திரை போடத் தண்ணியில்லை.
கடைத் தண்ணிப் போத்தல் முடிந்திருந்தது.
இவர் தொலைக்காட்சியை உரக்க வைத்தார்.

நான் கானை எடுத்துக்கொண்டு
வடக்கே போனேன்.
சுற்றிப் போக எண்பது எட்டு.
இருபத்தொரு வருசத்தில் முதல் தடவை
எண்ணினேன்.

செல்வமலர் லைற்றைப் போட்டாள்.
கப்பியில் கிடந்த கயிற்றுக்குக் கை நீட்டினேன்.
"உங்கட கை வேண்டாம்" என்றாள்.
"நான் அள்ளி ஊத்துறன்."

கானின் வாயில் வாளி படாமல்
உயரத்திலிருந்து ஊற்றினாள்.
அது கிருமிக்காகவா என்று
நான் கேட்கவில்லை.
நிரம்ப நிரம்பச் சத்தம் மாறிக்கொண்டே
மேலே வந்தது.
கை நடுங்கியது என்னுடையது.

மூடியை அவளே இறுக்கினாள்.
"கொதிக்கவைச்சுக் குடுங்கோ பிள்ளைக்கு,
இதையும்.
கீழ ஒரே கல்தானே."

திங்கட்கிழமை குழி உடைக்க ஆள் வரும்.
கான் கனக்கிறது.
கை மாற்றி மாற்றி நடக்கிறேன்.