தவறியது எது

கோத்தகிரியில் பயிற்சி, மூன்றாம் நாள்.
ஜன்னலுக்குக் கொக்கி செய்யச் சொன்னார்கள்:
ஒரு கையால் திறக்க வேண்டும்,
காற்றுக்குத் திறந்துகொள்ளக் கூடாது.

படிவத்தில் கடைசிக் கட்டம்: 'தவறியது எது?'
பதினெட்டு ஆசிரியர்களும்
'ஏதுமில்லை' என்று எழுதினோம்,
முத்துமுத்தான கையெழுத்தில்.

ஹெலன் மேடம் ஒன்றும் சொல்லவில்லை.
கொக்கிகளை வகுப்பறை ஜன்னல்களில் பொருத்திவிட்டு
டீ குடிக்கக் கூட்டிப்போனார்.

திரும்பி வந்தால்
மேகம் உள்ளே உட்கார்ந்திருந்தது.
வருகைப் பதிவேடு தெப்பம்.
பிளைவுட் உப்பி
என் கொக்கி மட்டும் அசையவே இல்லை;
பெள்ளிராஜ் சார் இரு கையாலும் இழுத்தார்.

யாரோ சிரித்தார்கள்.
நான்தான்.

இருபத்திரண்டு வருடம்
அடுத்தவர் தாளில், சிவப்பு மையில்
எழுதிய சொல்லைப்
பென்சிலால் எழுதினேன்.
அதன் கீழே பலகையின் தடிமன், நனைந்தபின் தடிமன்,
இழைத்திருக்க வேண்டிய இரண்டு மில்லிமீட்டர்.

கட்டம் போதவில்லை.