அடைப்புக்குறிக்குள்

வெள்ளிக்கிழமை, ஐந்தாம் பீரியட்.
சாம்பார் சாதம் கண்ணிமையில் உட்கார்ந்திருக்கிற நேரம்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செல்லூர்,
ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆளை ஏலம் விடுகிற சத்தம்.
பாடம்: செய்யுள் நாடகம், மூன்றாம் காட்சி.
போர்க்களத்திலிருந்து தூதன் வருகிறான்.

அரசனாக ஒருத்தனும் எழவில்லை.
நாகஜோதி எழுந்தாள்.
ரெட்டைச் சடையை முதுகுக்குத் தள்ளினாள்,
முடிசூட்டு விழா முடிந்தது.

தூதன் ஆசிக்.
"வேந்தே, விளம்ப வந்தேன்" என்றான்
கிரிக்கெட் கமெண்ட்ரி குரலில்.
"விளம்பன்னா என்ன மிஸ்?"
"சொல்ல."
"விளம்பரம் மாதிரியா?"
ஆமாம் என்று நான் சொல்லி முடிக்குமுன்
அடுத்ததையும் விடாமல் வாசித்தான்:
"அடைப்புக்குறி. மௌனம். அடைப்புக்குறி."
வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது.
நானும்தான்.
பதினாறு வருஷமாய் நானும் அதை
வாசித்துவிட்டுத்தானே தாண்டியிருக்கிறேன்.

கடைசி பெஞ்சிலிருந்து சோணைமுத்து,
"மிஸ், இது தப்பு."
"எது?"
"சேதி கொண்டு வந்தவன்
வந்ததும் பேச மாட்டான்.
தண்ணி கேப்பான்."

உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
பதிவேட்டில், புரட்டாசியில்,
அவன் பெயருக்கு நேரே பதினொரு சிவப்புக் கோடு.
இழுத்தவள் நான்.

"வந்து செஞ்சு காட்டு."
கதவுக்கு வெளியே போனான்.
திரும்பி வந்து
வாசலில் செருப்பைக் கழற்றினான்.
யாரும் சொல்லித் தரவில்லை.
அரசனைப் பார்க்காமல்
காலண்டர் இல்லாத ஆணியைப் பார்த்தான்.

கூடல்நகர்ப் பக்கம் ஒரு ரயில் போனது.
எப்போதும் பெட்டி எண்ணுகிறவர்கள்
அன்றைக்கு எண்ணவில்லை.
மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை
டொக் என்றது. அது அப்படித்தான்,
ஜூன் மாதத்திலிருந்து.

நாகஜோதி தன் பாட்டிலை நீட்டினாள்.
அரசன் தூதனுக்குத் தண்ணீர் கொடுத்ததாய்
எந்த உரையிலும் இல்லை.
குடித்தான். வாயைத் துடைத்தான்.
வசனத்தைச் சொல்லாமலே போய் உட்கார்ந்துவிட்டான்.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார்.
"ஒரு சத்தத்தையும் காணோமே,
பிள்ளைகள எங்கயும் கூட்டிட்டுப் போய்ட்டீங்களோன்னு பாத்தேன்."

திருப்புதல் தேர்வு. இருபத்தேழாவது வினா:
தூதன் தயங்கியது ஏன்? இரண்டு மதிப்பெண்.
முப்பத்தாறு தாளில் கைடு சொன்ன பதில்,
'அரசன்மேல் கொண்ட அச்சத்தால்.'
எல்லாவற்றிலும் ஒரே எழுத்துப்பிழை.
நாகஜோதி ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்: தாகம்.
இரண்டு போட்டேன்.

சோணைமுத்து எண்ணை மட்டும் போட்டு
இரண்டு வரி இடம் விட்டு
இருபத்தெட்டுக்குப் போயிருந்தான்.

மறந்தானா என்னவோ.
திங்கட்கிழமைக்குள் வினாவாரியாக
மார்க்கைக் கணினியில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள்.
கட்டத்தைக் காலியாக விட்டால்
அது அடுத்த பையனுக்கு நகர மாட்டேன் என்கிறது.