எட்டு டிகிரிக்குள்

குருசுக்குப்பத்தில் நாங்கள் படுத்திருந்த அறைக்கு
இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள்
கதவின்மேல், பிரெஞ்சில்.
'லவாந்த்' என்று வாசித்துக் காட்டினார் வாட்ச்மேன் தேவசகாயம்.
ஏதோ பூவாம்.
ஒரு ராத்திரிக்கு நாலாயிரத்து ஐந்நூறு.
மாசத்துக்கு நாங்கள் கொடுத்ததும் அவ்வளவுதான்.
அதிலும் இரண்டு மாசம் பாக்கி.

அங்கேதான் தரை துடைக்கிறேன்,
காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை.
சிவப்புத் தரையைப் பெயர்த்துவிட்டு
ஆத்தங்குடிக் கல் பதித்தாயிற்று.
செசிலுக்குப் பனிக்குடம் உடைந்த இடம்
ஏசிக்கு நேர் கீழே, மூன்றாவது கல்.
எண்ணி வைத்திருக்கிறேன்.

இப்போது தவளக்குப்பம் தாண்டி
மூன்றாம் மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறை.
அட்வான்ஸுக்குப் போனது என் கழுத்து.
ஃபிரிட்ஜைப் பார்த்ததும் வீட்டுக்காரர் சொன்னார்:
இதுக்குத் தனி மீட்டர், யூனிட் பன்னிரண்டு ரூபாய்.
படியேறாமலே அதை விற்றுவிட்டோம்.
ஊசி மருந்துக் குப்பிகளைப் பையில் கட்டிப்
பானைக்குள் வைத்தேன்.
மே மாசம்
பானைத் தண்ணீரில் அரிசி ஊறவைத்தால்
வெந்துவிடும்போல் இருந்தது.

சர்க்கரை முந்நூற்று எண்பது.
ஊசி போடுறீங்களா இல்லையா என்றார் டாக்டர்.
போடுறேன்.
அப்ப வாயைக் கட்டணும் என்று
யூனிட்டைக் கூட்டி எழுதினார்.
எனக்கு எல்லாமே யூனிட்டில்தான் ஏறுகிறது.

அந்துவான் ஆட்டோவிலேயே படுத்துக்கொள்கிறார்,
பின்சீட்டில் முழங்காலை மடித்து.
அறையில் மூச்சு முட்டுதாம்.
காலையில் மேலே வரும்போது
ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கிறார்.
வீடு மாறினதிலிருந்து
ஒரு தடவைகூட என்னைத் திட்டவில்லை.
அதுதான் பயமாக இருக்கிறது.

லவாந்தில் டிவிக்குக் கீழே ஒரு சின்ன ஃபிரிட்ஜ்.
திங்கள் முதல் வியாழன் வரை
அறையில் ஆளில்லாவிட்டாலும் அது ஓடும்.
ஒருநாள்
பீர் பாட்டில்களுக்குப் பின்னால்
உடைக்காத இரண்டு குப்பியை நிறுத்திவைத்தேன்.
கைக்குட்டை சுற்றி. யாருக்கும் சொல்லவில்லை.
வெள்ளி மத்தியானம் பெங்களூர்க் கார்கள் வருமுன்
டிபன் டப்பாவில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு
பஸ் ஏறிவிடுவேன்.

அடுத்த மாசம் இருநூற்று நாற்பது.
பாத்தீங்களா, வாயைக் கட்டினதும் இறங்குது
என்று டாக்டருக்குச் சந்தோஷம்.
சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள்:
விலாசம் மாறலையே?
குருசுக்குப்பம்தான் என்றேன்.
மருந்தைப் பொறுத்தவரை
அது பொய்யில்லை.

போன வெள்ளிக்கிழமை
செசிலுக்கு இழுப்பு என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன்.
துடைப்பத்தைப் போட்டது போட்டபடி ஓடினேன்.
கோரிமேட்டில் நெபுலைசர் புகைக்குள்
அவள் கண் மட்டும் தெரிந்தது.
ஷீட்டுக்குக் கீழே பூஞ்சை இருக்கா என்றார்கள்.
மழைக்கு அப்புறம் சுவரே அதுதான்.
குப்பி ஞாபகம் வந்தபோது ராத்திரி பதினொன்று.

திங்கட்கிழமை திறந்து பார்த்தேன்.
யாரோ நல்ல மனசுக்காரர்,
மருந்து என்று தெரிந்து
கெடக்கூடாதே என்று
ஐஸ் பெட்டிக்குள் தள்ளி வைத்திருந்தார்.
கைக்குட்டையையும் மடித்து வைத்திருந்தார்.
இரண்டும் கல்லாய் இருந்தன.
உறைந்தால் தூக்கிப் போடணும் என்று
நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
மூன்றாவது கல்லில் உட்கார்ந்தேன்.
ஏசி நேராக உச்சந்தலையில் இறங்கியது.
பத்து நிமிஷமா, அரை மணியா தெரியவில்லை.
ஆறு மாசத்தில் அப்படி நான் தூங்கினதில்லை.

மேனேஜர் கீழேயிருந்து கூப்பிட்டார்:
பிலோமினா, ரூம் ரெடியா?

உருகிவிட்ட மருந்தை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
பார்ப்பதற்கு
நல்ல மருந்து மாதிரியேதான் இருந்தது.