கால் பணம், முக்கால் பணம்

ஸ்புரூஸ் அறுவை ஆலைக்கு.
பிர்ச் ஒட்டுப்பலகைக்கு.
ஆஸ்பென்?
"காகிதக் கூழ்தான், விலை கேட்காதீர்கள்"
என்றான் தரகன் ராய்வோ,
ஆரஞ்சு மையைத் தெளித்தபடி.

விதைப் பொட்டலத்தின் பின்புறம்
ஹெல்வே கூட்டிக்கொண்டே வந்தாள்.
மரம் கால் பணம்,
வேர் பிடுங்க முக்கால் பணம்.
மண்வாரி இயந்திரம் மணிக்கணக்கில் தின்றது.
ஒரு பிர்ச்சுக்குள் பழைய வேலிக்கம்பி:
வாளின் பல்லும் போயிற்று, விலையும் போயிற்று.

நிலம் உறைந்த பின்தான்
வோருவிலிருந்து லாரி வந்தது.
போனபின் கடைசி வரியில்
மிச்சம் பதினோரு யூரோ,
உருளைக்கிழங்குக்கு ஒரு ஹெக்டேர் வெளி.

அன்றிரவு சமையலறை ஜன்னலில்
புதிதாய் ஒரு விளக்கு.
ஒன்பது வருடமாய் நாங்கள் பேசாத
ஊர்மாஸின் வீடு.
அவனும் கரண்டியோடு நின்று
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரைச்சீலையை
ஹெல்வே கணக்கில் எழுதியிருக்கவில்லை.